ஆட்டைக் கொல்லும் இலை... கோலாவுக்கு மட்டும் எப்படி சாப்பாடு? ஹெலிகாப்டரில் இருந்து சுட்டுக் கொன்ற ஆஸ்திரேலியா: பின்னணி என்ன?

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்லயோ ரீல்ஸ்லயோ அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீங்க. மரக்கிளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பாதிக் கண்ணை மூடியபடி, அவசரமே இல்லாமல் இலையை மெல்லும் சாம்பல் நிறக் கோலா. பார்த்தாலே தூக்கி வெச்சுக் கொஞ்சணும்போல இருக்கும்.

ஆத்தூர் பக்கம் ஆடு வளர்க்கும் என் அத்தையிடம் அதைக் காட்டினேன். அவர் கோலாவைப் பார்க்கவில்லை. இலையைப் பார்த்தார்.

"தைல இலையாட்ட இருக்குதே... இதையா திங்குது? நம்ம ஆடு இதை மோந்துகூட பாக்காதே கண்ணு."

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார். "நம்ம ரெண்டு ஆடு குச்சிக்கிழங்குத் தழையைத் தின்னுட்டு அரை மணி நேரத்துல போய்ச் சேந்துச்சு. விஷத் தழை தின்னா ஆடு சாவுது. இது மட்டும் எப்படி உக்காந்து திங்குது?"

சரியான கேள்வி. 2025-ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் நூற்றுக்கணக்கான கோலாக்கள் ஹெலிகாப்டரில் இருந்து சுட்டுக் கொல்லப்பட்டதற்கான காரணமும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

முதலில், ஆடு ஏன் சாகிறது?

சேலம், நாமக்கல் மாவட்டக்காரர்களுக்கு மரவள்ளியை அறிமுகம் செய்யத் தேவையில்லை. ஆத்தூர், கெங்கவல்லி, தலைவாசல், ராசிபுரம் என்று எந்தப் பக்கம் பஸ்ஸில் போனாலும் ஜன்னலுக்கு வெளியே குச்சிக்கிழங்குக் காடும், ஜவ்வரிசி காயும் களமும் தெரியும். 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

அந்தச் செடியின் இலையிலும் தோலிலும் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. இலை முழுசா இருக்கும்வரை அது சும்மா கிடக்கும். மென்றோ கசக்கியோ இலையின் செல்கள் உடைந்தால், அதே இலையில் வேறு இடத்தில் இருக்கும் ஒரு நொதி இதோடு வந்து சேரும். அப்போது வெளியாவது ஹைட்ரஜன் சயனைடு. தின்ன வருகிறவனை விரட்டச் செடி வைத்திருக்கும் ஏற்பாடு இது.

சயனைடு செய்வது ஒரே வேலைதான். ரத்தத்தில் ஆக்ஸிஜன் இருக்கும், ஆனால் உடம்பின் செல்களால் அதைப் பயன்படுத்த முடியாமல் போகும். மூச்சு வாங்கும், எச்சில் ஒழுகும், கால் தள்ளாடும், சாயும். இறந்த ஆட்டின் ரத்தம் பளிச்சென்ற சிவப்பில் இருப்பதைக் கால்நடை மருத்துவர்கள் ஓர் அடையாளமாகச் சொல்வார்கள். பயன்படாமல் போன ஆக்ஸிஜனின் நிறம் அது.

ஆடு, மாட்டுக்கு இதில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. தின்றது முதலில் போய்ச் சேர்வது அசைபோடும் பெரிய வயிற்றுக்கு. அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் இருக்கின்றன. வைக்கோலையே சத்தாக மாற்றும் அந்த நுண்ணுயிரிகள், லினமாரினையும் சேர்த்து வேகமாக உடைத்துவிடுகின்றன. சயனைடு ஒரே மூச்சில் ரத்தத்தில் ஏறுகிறது. விஷத்தை முறிக்க வேண்டிய கல்லீரல் கொஞ்சம் கொஞ்சமாக வந்தால் சமாளித்துவிடும். மொத்தமாக வந்தால் முடியாது.

கோலாவிடம் என்ன இருக்கிறது?

கோலா கரடி என்று பாதிப் பேர் சொல்கிறோம். அது கரடி இல்லை. கங்காருவைப் போல வயிற்றுப் பையில் குட்டி வளர்க்கும் விலங்கு. காட்டில் வாழ்வது ஆஸ்திரேலியாவில் மட்டும்தான். சாப்பாடு, கிட்டத்தட்ட முழுக்க முழுக்க யூகலிப்டஸ் இலை. நம்ம ஊர் பாஷையில் தைலமரம்.

தைல இலையில் மூக்கைத் துளைக்கும் எண்ணெய் இருக்கிறது, துவர்ப்பூட்டும் டானின் இருக்கிறது, வயிற்றைக் கலக்கும் வேறு சில வேதிப்பொருட்களும் இருக்கின்றன. சில யூகலிப்டஸ் வகைகளில் மரவள்ளியைப் போலவே சயனைடு தரும் பொருளும் உண்டு. இவ்வளவும் போக, இலையில் புரதம் குறைவு, நார் அதிகம். விஷமும் இருக்கிறது, சத்தும் இல்லை. இப்படி ஒரு சாப்பாட்டை யார் தேடிப் போவார்கள்? அதுதான் விஷயம். யாரும் போட்டிக்கு வராத பந்தி அது.

ஆட்டுக்கு நேர்மாறாக அமைந்திருக்கிறது கோலாவின் உடம்பு. இலை முதலில் போவது சாதாரண வயிற்றுக்கும் சிறுகுடலுக்கும். எண்ணெய்ப் பொருட்கள் அங்கேயே உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்குப் போய்விடுகின்றன. நுண்ணுயிரிகள் காத்திருப்பது அதற்கு அப்புறம். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில், நமக்கு அப்பெண்டிக்ஸ் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சின்னப் பை, கோலாவுக்கு 2 மீட்டர் நீளம் வரை வளர்கிறது. கோலாவின் மொத்த உடம்பே ஒரு மீட்டருக்குக் குறைவு என்பதை நினைவில் வெச்சுக்குங்க. இலைத்தூள் அதற்குள் நாட்கணக்கில் கிடந்து நொதிக்கும்.

கல்லீரலின் ரகசியம் 2018-ல் ஓரளவு வெளியே வந்தது. கோலாவின் மொத்த மரபணுத் தொகுப்பையும் ஆஸ்திரேலியா தலைமையிலான விஞ்ஞானிகள் குழு படித்து, 'நேச்சர் ஜெனடிக்ஸ்' இதழில் வெளியிட்டது. விஷத்தை முறிக்கும் நொதிகளுக்கான ஒரு மரபணுக் குடும்பம் கோலாவில் பெருகி 31 ஆக நிற்பது அதில் தெரியவந்தது. மோப்பத்துக்கும், கசப்பை உணர்வதற்கும் கூடுதல் மரபணுக்கள் இருப்பதையும் கண்டார்கள். அதாவது கோலா கசப்புத் தெரியாமல் தின்னவில்லை. நன்றாகத் தெரிந்துதான், பொறுக்கித் தின்கிறது.

இந்தப் பொறுக்குதல் சாதாரணம் இல்லை. யூகலிப்டஸில் 700-க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. ஒரு பகுதியில் வாழும் கோலா வழக்கமாகத் தொடுவது அதில் சிலவற்றை மட்டும். அந்தச் சில வகையிலும் ஒரே இன மரங்கள் இரண்டு பக்கத்துப் பக்கத்தில் நின்றால், ஒன்றில் ஏறும், இன்னொன்றை மோந்துவிட்டு இறங்கிவிடும். மண்ணைப் பொறுத்து, மரத்தைப் பொறுத்து விஷத்தின் அளவு மாறுகிறது.

நாளைக்கு அரைக் கிலோ அளவுக்கு இலை. பெரிய ஆண் என்றால் அதற்கு மேலும் போகும். அதில் கிடைக்கும் சொற்ப சக்தியை வைத்து ஓடியாடித் திரிய முடியாது. அதனால்தான் ஒரு நாளில் 18 முதல் 20 மணி நேரம் தூக்கமும் ஓய்வும். 'தைல இலையில் போதை ஏறிக் கிடக்குது' என்று ரீல்ஸில் சொல்வதை நம்பாதீங்க. போதை எல்லாம் இல்லை, சிக்கனம்.

'தண்ணியே குடிக்காது' என்பதும் அரைகுறை உண்மை. பெரும்பாலான தண்ணீர் இலையில் இருந்தே கிடைத்துவிடும். ஆனால் மழை பெய்யும்போது மரத்தண்டில் வழியும் நீரைக் கோலாக்கள் நக்கிக் குடிப்பதை 2020-ல் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். வெயில் கொளுத்தும் வறட்சியில் தண்ணீர்த் தொட்டி வைத்தால் இறங்கி வந்தும் குடிக்கும்.

அடுத்து வருவதைச் சாப்பிட்டுக்கொண்டே படிக்காதீங்க. குட்டி பிறக்கும்போது அதன் குடலில் இந்த நுண்ணுயிரிகள் கிடையாது. சுமார் 6 மாதம் பால் மட்டும். இலைக்கு மாற வேண்டிய நேரம் வந்ததும், தாய் வழக்கமான புழுக்கை இல்லாமல், அந்த நீளப் பையில் இருந்து கூழ் போன்ற ஒன்றை வெளியேற்றும். குட்டி பையில் இருந்து தலையை நீட்டி அதைத் தின்னும். தைல இலையைச் செரிக்கும் நுண்ணுயிரிகள் அம்மாவிடம் இருந்து பிள்ளைக்கு வந்து சேர்வது இப்படித்தான். நம்ம வீட்டில் புதுத் தயிருக்குப் பழைய தயிரில் உறை ஊற்றுகிற அதே வேலை.

ஆனால் இந்த உறையில் ஒரு சிக்கல் இருக்கிறது. அம்மா எந்த மரத்து இலையைத் தின்றதோ, அந்த மரத்துக்கான நுண்ணுயிரிகள்தான் குட்டிக்கு வந்து சேரும்.

பக்கத்து மரம் பச்சையாக நிற்க, பசியில் செத்த கோலாக்கள்

விக்டோரியா மாநிலத்தின் தென் கடற்கரையில் கேப் ஆட்வே என்று ஓர் இடம். அங்கே கோலாக்கள் விரும்பித் தின்பது மானா கம் என்ற யூகலிப்டஸ் வகை. 2013 வாக்கில் கோலாக்களின் எண்ணிக்கை எக்கச்சக்கமாகி, மானா கம் மரங்கள் மொட்டையாகிவிட்டன. பசியில் கோலாக்கள் சாக ஆரம்பித்தன. அங்கிருந்தவற்றில் 70 சதவீதம் வரை அழிந்ததாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நலிந்துபோன 686 கோலாக்களை மாநில அரசே ஊசி போட்டுக் கருணைக்கொலை செய்தது. இந்த விஷயம் வெளியே தெரிந்தது 2015 மார்ச்சில்.

இதில் அதிர்ச்சி என்னவென்றால், பக்கத்திலேயே மெஸ்மேட் என்ற இன்னொரு யூகலிப்டஸ் வகை பச்சையாக நின்றுகொண்டிருந்தது. அதைத் தின்னும் கோலாக்களும் அதே ஊரில் உண்டு. ஆனால் மானா கம் தின்று வளர்ந்தவற்றில் பெரும்பாலானவை பட்டினியிலும் அதன் பக்கம் போகவில்லை.

பிடிவாதமா, முடியாமையா? வெஸ்டர்ன் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர் மிக்கேலா பிளைட்டனின் குழு ஒரு சோதனை செய்தது. மானா கம் மட்டுமே தின்னும் 12 கோலாக்களைக் காட்டில் இருந்து பிடித்து வந்தார்கள். மெஸ்மேட் தின்னும் கோலாக்களின் எச்சத்தில் இருந்து எடுத்த நுண்ணுயிரிகளைக் கேப்சூலில் அடைத்து, அவற்றில் சிலவற்றுக்குக் கொடுத்தார்கள். குடலில் நுண்ணுயிரிகள் எந்த அளவுக்கு மாறினவோ, அந்த அளவுக்கு அந்தக் கோலாக்கள் மெஸ்மேட் இலையைத் தின்னத் தொடங்கின. 2019-ல் வெளியான ஆய்வு இது. பசித்தவனுக்குச் சாப்பாடு எதிரில் இருந்தும், செரிக்கும் ஆள் வயிற்றுக்குள் இல்லை.

இதே காரணத்தால் மருந்தும் கோலாவுக்கு ஆபத்தாகிறது. கிளமிடியா என்ற பாக்டீரியா நோய் அவற்றைக் குருடாக்குகிறது, மலடாக்குகிறது. ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் நோய்க்கிருமியோடு இலையைச் செரிக்கும் நுண்ணுயிரிகளும் சேர்ந்து செத்துவிடும். நோய் தீர்ந்தும், பட்டினியில் சாகக்கூடும். 2025 செப்டம்பரில் கோலாவுக்கான கிளமிடியா தடுப்பூசிக்கு ஆஸ்திரேலியா அனுமதி கொடுத்ததை ஏன் அவ்வளவு கொண்டாடினார்கள் என்பது இப்போது புரிந்திருக்கும்.

2025-ல் ஹெலிகாப்டர் ஏன் வந்தது?

இப்போது அந்தத் துப்பாக்கிச் சூட்டுக்கு வருவோம். 2025 மார்ச்சில் விக்டோரியாவின் தென்மேற்கில் இருக்கும் பட்ஜ் பிம் தேசியப் பூங்காவில் மின்னல் தாக்கித் தீப்பிடித்தது. 2,000 ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. அங்கேயும் கோலாவின் சாப்பாடு மானா கம்தான். நெருப்பில் தப்பிய கோலாக்கள் உடம்பெல்லாம் தீக்காயத்தோடு, இலையே இல்லாத கரிமரங்களில் உட்கார்ந்திருந்தன.

ஏப்ரல் நடுவில் செய்தி கசிந்தது: ஹெலிகாப்டரில் போன துப்பாக்கி வீரர்கள் 700-க்கும் மேற்பட்ட கோலாக்களைச் சுட்டுக் கொன்றிருக்கிறார்கள். அரசின் விளக்கம் இதுதான். எரிமலைப் பாறைகள் நிறைந்த கரடுமுரடான நிலம், எந்த நேரமும் விழக்கூடிய எரிந்த மரங்கள், ஆள் நடந்து போய் ஒவ்வொன்றாகப் பிடிக்க முடியாது, விட்டால் காயத்திலும் பசியிலும் துடித்துச் சாகும்.

வனவிலங்கு அமைப்புகள் விடவில்லை. மேலே பறந்துகொண்டே எது பிழைக்கும், எது பிழைக்காது என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? தாயைச் சுட்டால் பையில் இருக்கும் குட்டி என்ன ஆகும்? இரண்டு கேள்விக்கும் திருப்தியான பதில் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அதே நேரம், 'வேறு காட்டில் கொண்டுபோய் விட்டிருக்கலாமே' என்று கமென்ட்டில் எழுதுவது சுலபம். கேப் ஆட்வே கதையைப் படித்த பிறகு அது அவ்வளவு சுலபம் இல்லை என்று தெரிகிறது. அந்தக் காட்டில் அதே மரம் வேண்டும், அதே மரத்தில் ஏற்கெனவே வேறு கோலாக்கள் நிறைந்திருக்கவும் கூடாது. எரிந்த யூகலிப்டஸ் தண்டிலேயே மறுபடி துளிர்க்கக்கூடிய மரம்தான். ஆனால் தழைத்து நிற்க மாதக்கணக்கில் ஆகும். அதுவரை கோலாவால் விரதம் இருக்க முடியாது. உடம்பில் சேமிப்பு என்று எதுவும் இல்லாத பிழைப்பு அது.

என் வருத்தம் வேறு இடத்தில் இருக்கிறது. சாப்பாட்டுப் பிரச்சினை நெருப்போடு தொடங்கவில்லை. பட்ஜ் பிம் பூங்காவைச் சுற்றிலும் காகிதக்கூழுக்காக வளர்க்கப்படும் புளூ கம் தோப்புகள் இருக்கின்றன. புளூ கம் இலையையும் கோலா விரும்பித் தின்னும். தோப்பு வளர வளர கோலாக்களும் பெருகின. மரம் வெட்டும் வயதுக்கு வந்ததும் ரம்பம் வரும், கோலாக்கள் மிச்சமிருக்கும் காட்டுக்குள் ஒதுங்கும், இருக்கிற மானா கம் மரங்களுக்கு நெரிசல் கூடும். 2020-லேயே அதே மாநிலத்தின் கேப் பிரிட்ஜ்வாட்டர் பகுதியில் ஒரு புளூ கம் தோப்பை அழித்தபோது ஏராளமான கோலாக்கள் செத்தும் காயப்பட்டும் கிடந்தன. ஒரு விலங்குக்குப் பந்தி விரித்துவிட்டு, அது உட்கார்ந்து சாப்பிடும்போது இலையை உருவுவது என்ன நியாயம்?

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். 2022 பிப்ரவரியில் குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், தலைநகர்ப் பகுதி ஆகிய இடங்களின் கோலாக்கள் அழியும் ஆபத்தில் உள்ளவை என அறிவிக்கப்பட்டன. விக்டோரியா அந்தப் பட்டியலில் இல்லை. ஒரு பக்கம் இனமே போய்விடும் என்ற பயம், இன்னொரு பக்கம் மரத்துக்கு மிஞ்சிய கூட்டம். நியூ சவுத் வேல்ஸ் அரசு 2025 செப்டம்பரில், 1,76,000 ஹெக்டேர் அரசுக் காட்டில் மரம் வெட்டுவதை நிறுத்தி, பழைய பூங்காக்களோடு சேர்த்து கோலாவுக்கென்று மாபெரும் தேசியப் பூங்கா அமைப்பதாக அறிவித்தது.

நம்ம ஊர் தைலமரத்தில் கோலா வாழுமா?

அந்த புளூ கம் நமக்கு அந்நியம் இல்லை. ஊட்டித் தைலம் காய்ச்சுவது அந்த மரத்தின் இலையில்தான். 1843-ல் நீலகிரிக்கு வந்தது. விறகுக்கு வேகமாக வளரும், ஆடு மாடு கடிக்காது என்பதெல்லாம் அதன் தகுதிகள். பின்னால் சமவெளியிலும் வேறு யூகலிப்டஸ் வகைகளைப் பரப்பினோம். கோலாவுக்கு உயிராக இருக்கும் இலை, இங்கே தின்ன ஆளில்லாமல் உதிர்கிறது.

'ஏற்காட்டுல அவ்வளவு தைலமரம் நிக்குதே, குரும்பப்பட்டி பூங்காவுல ஒரு ஜோடி கோலா வெச்சா என்ன?' என்று ஆபீஸில் ஒரு நண்பர் கேட்டார். ஒரே வகை மரம் போதாது. பல வகை, தினமும் புதுசாக வெட்டிய தழை வேண்டும். அதிலும் இன்று பிடித்தது நாளை பிடிக்காது. அமெரிக்காவின் சான் டியாகோ பூங்கா கோலாவுக்காகவே யூகலிப்டஸ் வகைகளைத் தனியாக வளர்க்கிறது.

நம்மகிட்ட கோலா இல்லையே தவிர, கோலா மாதிரி பிழைப்பவை உண்டு. தமிழ் படித்ததால் எனக்கு இந்தப் பெயர்கள் மேல் ஒரு பிரியம்: ஆடு தொடா இலை, அதுதான் ஆடாதோடை. அப்புறம் ஆடுதீண்டாப்பாளை. எந்த இலையை எது தின்னாது என்று பெயரிலேயே எழுதி வைத்துவிட்டார்கள் நம்ம ஆட்கள். அந்த ஆடுதீண்டாப்பாளையைத் தேடிப் போய் முட்டையிடும் பட்டாம்பூச்சி ஒன்று இருக்கிறது. கறுப்பு இறக்கை, சிவப்புப் புள்ளி, சிவப்பு உடம்பு. அதன் புழுக்கள் அந்த விஷத்தைத் தின்று, உடம்பிலேயே சேர்த்து வைத்துக்கொள்ளும். பறவைகள் கொத்தப் பயப்படும்.

ஒரே சாப்பாடு என்று இருப்பது நமக்கு உதவிய கதையும் ஆத்தூருக்குப் பக்கத்திலேயே நடந்தது. 2020-ல் இந்தியாவுக்குள் நுழைந்த மரவள்ளி மாவுப்பூச்சி, குச்சிக்கிழங்குக் காடுகளைச் சுருட்டிப் போட்டது ஞாபகம் இருக்கும். அதை அடக்க ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில் இருந்து ஒரு குட்டி ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டார்கள். அது குறிவைப்பது அந்த மாவுப்பூச்சியை மட்டும். வேறு எதையும் தேடிப் போகாது என்ற நம்பிக்கையில்தான் வெளிநாட்டுப் பூச்சியை நம்ம காட்டில் விட முடிந்தது.

ஆடு வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

அத்தையின் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டேன். ஆனால் அவருக்கு வேண்டியது கோலா இல்லை, அடுத்த ஆடு சாகாமல் இருப்பது. கிழங்கு பிடுங்கும் நாளில் வரப்போரம் குவித்த பச்சைத் தழை, கொழுந்து, உரித்த தோல், இந்த மூன்றும்தான் ஆபத்து. பசியோடு அவிழ்த்துவிட்ட ஆடு நேராக அதில் வாய் வைத்தால் விஷம் மொத்தமாக ஏறும். தழையை வெயிலில் நன்றாகக் காய வைத்தால் சயனைடு பெருமளவு வெளியேறிவிடும், அதற்கு அப்புறம் அளவாகத் தீவனத்தில் சேர்க்கலாம். வறட்சியில் வாடிய இளம் சோளப்பயிரிலும் இதே விஷம் உண்டு, அதிலும் மேய விடாதீங்க.

மூச்சுத் திணறி, எச்சில் வடிந்து, தள்ளாடினால் வீட்டு வைத்தியத்தில் நேரம் போக்க வேண்டாம். கால்நடை மருத்துவர் நரம்பு வழியாகப் போடும் சோடியம் நைட்ரைட், சோடியம் தயோசல்பேட் மருந்துகளால் காப்பாற்ற முடியும், ஆனால் நிமிடக் கணக்குதான். கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962. அத்தையின் போனில் நானே சேவ் பண்ணிக் கொடுத்தேன், 'ஆட்டு டாக்டர்' என்ற பெயரில்.